சைவ மெஷின்

செம்பவாங்
28.1.1968

அன்புள்ள அண்ணிக்கு,

தனசேகரன் எழுதிக்கொள்வது. அண்ணனின் கருமாதியன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனி என் வாசல்ல காலை வைக்காதே" என்று சொன்னீர்கள். இரண்டு வருடமாக வைக்கவில்லை. கடிதத்துக்குக் கால் கிடையாது என்பதால் இதை அனுப்புகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தை எடுத்துக்கொண்டு இந்தத் தீவை விட்டுப் போகப்போகிறான். ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். நேவல் பேஸ் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம் ஆட்கள் இப்போதே கட்டில், பீரோ எல்லாம் விற்கிறார்கள். என் கடை பேஸ் வாசலிலேயே இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது, நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறேன். கவலை உங்களைப் பற்றித்தான். அந்தக் குடும்பங்கள் கப்பலேறி ஊருக்குப் போனால் உங்கள் மில்லில் மல்லியும் மிளகாயும் அரைக்க யார் வருவார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை நம் வட்டார வணிகர் சங்கத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். மண்டபமே கைதட்டியது. அதில் ஒரு வரி எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்: "மாறுகிறவன் பிழைப்பான், மாறாதவன் மூட்டை கட்டுவான்." முழுப் பேச்சையும் நகல் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் மில்லில் இரண்டு மெஷின். அதில் ஒன்றைச் சைவ மெஷின் என்று சாமி மாதிரி வைத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையும் கல்யாண முகூர்த்தமும் வந்தால்தான் அது சுற்றுகிறது. அதை விற்றுவிடுங்கள். உணர்ச்சி வேறு, வணிகம் வேறு அண்ணி.

மகள் கமலாவுக்கு என் அன்பு.

தனசேகரன்


பஃபலோ ரோடு
6.2.1968

தம்பி தனசேகரனுக்கு,

கடிதம் ஒரு பக்கம், சொற்பொழிவு ஏழு பக்கம் கிடைத்தன. சொற்பொழிவில் "எழுச்சி" என்ற வார்த்தை பதினான்கு தடவை வருகிறது. கமலா எண்ணிச் சொன்னாள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உனக்குப் பதினைந்து வயது. உனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், என் புருஷனுக்குப் பதினாறாம் நாள் முடிவதற்குள் மில் சாவியைக் கேட்டாய் பார், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். இப்போது சாவி கேட்கவில்லை, மெஷினைக் கேட்கிறாய்.

சைவ மெஷினைப் பற்றி உனக்குத் தெரியாததா? வருகிற பொம்பளைகள் பாத்திரத்தை இறக்கி வைக்கும் முன்பே, "முன்னால என்ன அரைச்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். மெஷின் வயிற்றில் எப்போதும் கைப்பிடி மாவு தங்கும். முன்னால் அரைத்தவள் சரக்கு பின்னால் வருகிறவள் பாத்திரத்தில் போய் விழும். அதனால்தான் உன் அண்ணன் ஒரு மெஷினில் கருவாடு, இறால் எதையும் படவிடவில்லை. அந்த மெஷினுக்கே கூட, மிளகாய் அரைத்துவிட்டு கோதுமை போடும் முன்னால், செல்லக்கண்ணு ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிடுவார். இருபது வருஷமாக மில்லில் இருக்கிற மனுஷன், ஒரு நாள் தவறவில்லை. கோயில் விரதக்காரர்கள் நம்மைத் தேடி வருவது அதற்காகத்தான்.

கூட்டம் குறைந்திருப்பது நிஜம்தான். இந்த வாரம் மட்டும் மூன்று வீட்டுக்காரர்கள் கடைசியாக அரைத்துக்கொண்டு, "கப்பல்ல கொண்டு போக டின்ல கட்டிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். கட்டிக் கொடுத்தேன். மில் நின்றால் நானும் கமலாவும் அதே கப்பலில்தான். அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

உன் எழுச்சி உனக்கே இருக்கட்டும்.

சரஸ்வதி


செம்பவாங்
19.5.1968

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று மாதம் பொறுத்தேன். போன வாரம் சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது உங்கள் மில் வாசலைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி. ஒரே ஒரு பாத்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் செல்லக்கண்ணு குந்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் யோசியுங்கள். நம் ஆட்கள் போகிறார்கள். மலாய்க்காரர் போகவில்லை, சீனர் போகவில்லை. அவர்கள் வீட்டிலும் உரல் இடிக்க ஆள் இல்லை. அரப் ஸ்திரீட்டில் ஆமினா பீவி என்று ஓர் அம்மா, சாப்பாட்டுக் கடைகளுக்குச் சம்பால் துவையல் செய்து கொடுக்கிறார். கூடை கூடையாகக் காய்ந்த இறாலும் மிளகாயும் அரைக்க மில் தேடுகிறார். வாடைக்குப் பயந்து நம் ஆட்கள் ஒருவரும் எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள். ஊரில் எத்தனை நாக்கு இருக்கிறதோ அத்தனையும் நம் சந்தை என்று என் சொற்பொழிவின் நாலாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

சைவ மெஷினுக்கு ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சீன முதலாளி, அரிசி மாவு அரைக்கக் கேட்கிறார். நல்ல விலை, கையில் பணம், மறுநாளே லாரி.

ஒரு மெஷின் ஆனபிறகு ஓர் ஆள் போதும். அந்த ஆள் அறுபத்திரண்டு வயதுக்காரராக இருக்கக் கூடாது. மெஷினைக் கழுவுவதாகச் சொல்லி ஒரு நாளைக்கு ஏழு படி அரிசியைக் கொட்டுகிறவராகவும் இருக்கக் கூடாது. அவருக்குக் குடியுரிமையும் இல்லை, வேலை அனுமதிச் சீட்டில்தான் இருக்கிறார். அனுப்புவது சுலபம்.

நான் உங்கள் எதிரி இல்லை. அண்ணன் பேர் போட்ட பலகை இறங்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தனசேகரன்


பஃபலோ ரோடு
3.8.1968

தம்பிக்கு,

சைவ மெஷின் போய்விட்டது. லாரியில் ஏற்ற ஐந்து பேர் வேண்டியிருந்தது. செல்லக்கண்ணு உதவிக்கு வரவில்லை. சுவரில் மெஷின் இருந்த இடத்தில் சதுரமாக வெள்ளை தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் காலண்டர் ஒன்றை மாட்டிவிட்டேன், காலண்டர் சின்னது.

ஆமினா பீவியும் வந்துவிட்டார். முதல் நாள் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் சரசு, இறால் நாறுதா? சும்மா கெடக்குற மெஷின்தான்டி நாறும். ஓட்டு லா!" என்று மலாய் இழுவையில் சொன்னார். ஓட்டினேன். வாரம் ஆறு கூடை. பிறகு அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர், ஒரு சீனத்தி, ஒரு ஜாவாக்காரி. மில் காலையில் எட்டு மணிக்கே சூடாகிவிடுகிறது.

ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நீ சொன்னது சரிதான். உன் அண்ணன் போனபிறகு போன மாதம்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

செல்லக்கண்ணு விஷயம் வேறு. இறாலுக்குப் பிறகு ஒரு படி போதாது, மூன்று படி அரிசி ஓட்ட வேண்டும் என்று நிற்கிறார். "அய்யா, மலாய்க்காரங்க சரக்குக்குப் பின்னால மலாய்க்காரங்க சரக்குத்தான் வருது, எதுக்கு?" என்று கேட்டேன். "நாளைக்கு ஒரு விரதக்கார பொம்பள வந்து நின்னா என்னம்மா செய்வீங்க?" என்றார். வரட்டும் பார்க்கலாம் என்றேன். உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். அவரைப் போ என்று நான் எப்படிச் சொல்ல?

சரஸ்வதி


செம்பவாங்
12.8.1968

அன்புள்ள அண்ணிக்கு,

சந்தோஷம். கண்ணீர் வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

எப்படிச் சொல்ல என்று கேட்டீர்கள். எழுத்தில் சொல்லுங்கள். வாயால் சொன்னால் அழுகை வரும், பழைய கதை வரும். கீழே ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன், சங்கத்தில் பலருக்கும் இதைத்தான் கொடுத்தேன். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"தங்களுடைய நீண்ட நாள் உழைப்புக்கு நன்றி. மாறிவரும் சூழ்நிலையில் தங்கள் வேலை முறை இந்த நிறுவனத்துக்குப் பொருந்தாத காரணத்தால், இந்த மாதக் கடைசியுடன் தங்களை விடுவிக்க நேர்வதற்கு வருந்துகிறோம். இது தனிப்பட்ட விரோதத்தால் செய்யப்படுவது அல்ல."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முக்கியம்.

தனசேகரன்


பஃபலோ ரோடு
1.10.1968

தம்பிக்கு,

கொடுத்துவிட்டேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்பளம் கூட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. பிறகு, "என்ன எழுதியிருக்கும்மா, படிங்களேன்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். படித்தேன். உன் கடைசி வாக்கியத்தையும் விடாமல் படித்தேன்.

"சரிம்மா" என்றார். பிறகு, "அப்ப கல்ல யாரும்மா கொத்துவா?" என்று மட்டும் கேட்டார். வாரத்துக்கு ஒரு தடவை மெஷின் கல்லைக் கழற்றி உளியால் கொத்திவிட்டால்தான் மாவு நைசாக விழும், நரநரக்காது. கல்லைத் தட்டிப் பார்த்தே எங்கே மழுங்கியிருக்கிறது என்று சொல்லுவார். நான் கல்லை மாற்றி இரும்புத் தட்டு போடப்போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நீ சொன்னபடியே சுலபமாகத்தான் இருந்தது.

சரஸ்வதி


பஃபலோ ரோடு
9.2.1969

தனசேகரா,

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரத்தினம்மா வந்தார். உனக்குத் தெரியும், டேங்க் ரோடு கோயிலுக்கு நடக்கிற காவடிக்காரர்களுக்கு வருஷா வருஷம் டோபி காட் பக்கம் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர். நாற்பத்தெட்டு நாள் விரதம். சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டு வந்து, "முன்னால என்ன அரைச்சீங்க?" என்று கேட்டார். மிளகாய் என்றேன்.

பொய் இல்லை, மிளகாயும்தான் அரைத்தேன். ஆமினா பீவி கூடை போய் அரை மணி ஆகியிருந்தது. தட்டைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் துடைத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். அரிசி ஓட்டவில்லை. பழக்கம் விட்டுப் போயிருந்தது, வாசலில் வேறு நாலு பேர் நின்றார்கள். என் கையாலேயே அரைத்தேன் தம்பி. ஆளை வைத்து அரைக்கவில்லை.

அண்டா கொதித்ததும் பந்தல் முழுக்க இறால் வாடையாம். காவடி எடுத்தவர்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்களாம். இலையில் விழுந்ததை எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். ரத்தினம்மா மறுநாள் ஒரு தூக்குச் சட்டியில் அந்தச் சாம்பாரைக் கொண்டுவந்து என் மில் வாசலில் ஊற்றினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரமசிவம் அண்ணன் இருந்தா நடக்குமா சரஸ்வதி?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானே குனிந்து கழுவினேன். எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அன்றோடு நம் சனம் ஒருத்தர் வாசல் ஏறவில்லை. அதுகூடப் போகட்டும். இன்று காலை சிராங்கூன் ரோட்டில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். கமலா வாங்கிவந்தாள். எழுதுகிறேன் பார்.

"சுத்த சைவ மில். இறால், கருவாடு படாத மெஷின். முன்பு பஃபலோ ரோட்டில் பரமசிவம் மில்லில் ஓடிய அதே மெஷின், அதே செல்லக்கண்ணு. புக்கிட் பாஞ்சாங், பத்தாவது மைல். உரிமையாளர்: தனசேகரன். சங்கத்தில் சொல்லி வையுங்கள், வீட்டுக்கே பொட்டலமாக வரும்."

அந்தச் சீன முதலாளியின் பேர் என்ன தம்பி?

சரஸ்வதி


புக்கிட் பாஞ்சாங்
20.2.1969

அண்ணிக்கு,

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. செம்பவாங் கடையில் ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சங்கத்தில் மேடையேறி மாறு, மாறு என்று கத்திவிட்டுக் கடைக்கு வந்து, பூட்டியிருக்கிற வெள்ளைக்காரன் வீடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அந்தச் சொற்பொழிவு. உங்களிடம் சொன்ன யோசனைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இறாலில் நீங்கள் பிழைக்கவில்லையா? அரிசி ஓட்டாதது உங்கள் கை. அதை என் தலையில் கட்டாதீர்கள்.

மெஷினை நான் நேரில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மில்லில் மூட்டை தூக்கியவன் நான். பதினோரு வருடம். மிளகாய்த் தூசியில் என் கண் இன்றைக்கும் காலையில் ஒட்டிக்கொண்டுதான் திறக்கிறது. அண்ணன் பத்திரம் எழுதியபோது மில் முழுக்க உங்கள் பேரில் எழுதினார். எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அது இப்போது ஓடவில்லை.

செல்லக்கண்ணு மில் வேலை தேடி மூன்று வாரம் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். நான் கூப்பிட்டதும் அழுதுவிட்டார். சைவ மெஷினைக் கண்டதும் கையால் தடவிக் கொடுத்தார்.

நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். மில்லை மூடிவிட்டு இங்கே வாருங்கள். பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. பொட்டலம் ஒட்ட ஆள் வேண்டும். கமலா படிப்பை நிறுத்தினாலும் பரவாயில்லை, பெண் பிள்ளைதானே, அவளும் ஒட்டட்டும். சொந்தத்துக்குள் இருந்த மாதிரியும் ஆகும்.

தனசேகரன்


பஃபலோ ரோடு
2.9.1969

மதிப்பிற்குரிய தனசேகரன் அவர்களுக்கு,

தங்கள் பிப்ரவரி மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

பரமசிவம் மில் என்ற பலகையை இறக்கிவிட்டேன். இப்போது ஆமினா பீவியும் நானும் கூட்டு. சம்பால் தூள் பாக்கெட்டாகப் போடுகிறோம். தண்ணீர் விட்டுக் கலக்கி எண்ணெயில் தாளித்தால் போதும், அம்மி வேண்டாம். வேலைக்குப் போகிற மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் வாங்குகிறார்கள். தஞ்சோங் பகாரில் துறைமுகச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாரம் இரண்டு தடவை வேன் போகிறது. ஊரில் எத்தனை நாக்கு இருக்கிறதோ அத்தனையும் சந்தை என்று தாங்கள் சொன்னது எவ்வளவு உண்மை.

கமலா படிக்கிறாள். படிப்பாள்.

செல்லக்கண்ணு சௌக்கியமா? அவருடைய வேலை அனுமதிச் சீட்டில் இன்னும் என் மில் பேர்தானே இருக்கும். தங்கள் பேருக்கு மாற்றி வாங்கிவிட்டீர்களா? சும்மா கேட்டேன்.

சரஸ்வதி


புக்கிட் பாஞ்சாங்
15.9.1969

அண்ணிக்கு,

"மதிப்பிற்குரிய", "தாங்கள்" எல்லாம் படித்துச் சிரித்தேன். பணம் வந்தால் மரியாதையும் வந்துவிடுகிறது. பரவாயில்லை, நன்றாக இருங்கள். இங்கேயும் நன்றாக இருக்கிறது. தீபாவளிக்கு இப்போதே ஆர்டர் நிறைகிறது. ரத்தினம்மாவே அடுத்த தைப்பூசத்துக்கு என்னிடம்தான்.

செல்லக்கண்ணு சீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு? மனுப் போட்டால் குடியுரிமை உள்ள உள்ளூர் ஆளை வை என்பார்கள். அதனால் போடவில்லை. பத்தாவது மைலுக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவர் இல்லாமல் இந்த மெஷின் மூன்று நாள் ஓடாது. கல் கொத்தத் தெரிந்த இன்னொருவர் தேக்கா சந்தைப் பக்கம் இருந்தார், அவரும் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே கிழவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறேன்.

சும்மா கேட்டீர்கள், சும்மா சொல்லிவிட்டேன்.

தனசேகரன்


புக்கிட் பாஞ்சாங்
22.12.1969

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். போன மாதம் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நேராக உள்ளே வந்து செல்லக்கண்ணுவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சீட்டைக் கேட்டார்கள். எவனோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறான். எந்த நாள், எந்த மெஷின், கல் கொத்துகிற நேரம் என்ன என்பது வரை அதில் இருந்ததாம். எனக்கு அபராதம். அவர் இனி இங்கே வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மனுஷன் சாப்பிட மறுக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவர். ஊரில் அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, தங்கச்சி ஒருத்தி இருந்தாள், அவள் செத்த தந்தி வந்தே ஒன்பது வருஷம் ஆகிறது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி நாகப்பட்டினக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. என் மெஷின் கல் மழுங்கிக் கிடக்கிறது. மாவு மணல் மாதிரி விழுகிறது. வாங்கினவர்கள் திருப்பி எறிகிறார்கள்.

ஒரு வழி இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவருடைய பழைய சீட்டு உங்கள் மில் பேரில் இருந்தது. நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு கையெழுத்துப் போட்டால் மனுவைப் பார்ப்பார்கள். உங்கள் மில்லில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எனக்காக வேண்டாம், நான் கேட்க யோக்கியதை இல்லாதவன். அவருக்காக. என்னை ஏசுங்கள், செருப்பால் அடியுங்கள், அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடுங்கள் அண்ணி. பன்னிரண்டாம் தேதிக்குள்.

அந்தக் கடிதாசியைப் போட்டவன் யார் என்று உங்களுக்கு ஏதாவது காதில் விழுந்ததா?

தனசேகரன்


பஃபலோ ரோடு
14.1.1970

தம்பி தனசேகரனுக்கு,

கப்பல் போய்விட்டது. உனக்கும் தெரியும், துறைமுகத்தில் தூணுக்குப் பின்னால் நீ நின்றதை நான் பார்த்தேன்.

பத்தாம் தேதி காலையில் செல்லக்கண்ணு என்னைப் பார்க்க வந்தார். கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன சொல்வது என்று மனசுக்குள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. துணியில் சுற்றிய உளியை எடுத்து, "போறதுக்கு முன்னால உங்க கல்ல ஒரு தடவ கொத்திக் குடுத்துட்டுப் போறேம்மா" என்றார். இப்போது இரும்புத் தட்டு அய்யா, கொத்த வேண்டாம் என்றேன். "ஆமா, சொன்னீங்க" என்றார். உளியை மடியில் வைத்துக்கொண்டு, இறால் கூடைகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

போகும்போது, "தம்பி மேல தப்பு இல்லம்மா. நல்லாத்தான் வச்சிருந்துச்சு. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிட்டான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க" என்றார். கமலா தலையில் கை வைத்து, நன்றாகப் படி என்று சொன்னார். உளியை என்னிடமே கொடுத்துவிட்டார். கப்பலில் இரும்பு கொண்டு போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வயிற்றெரிச்சல் பிடித்தவள் நான்தான் தம்பி. உனக்குத் தெரியாமலா கேட்டாய்? மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், கோபம் கோபமாக வந்தது. பிறகு உன் மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். நிதானமாக வந்தது. "இது தனிப்பட்ட விரோதத்தால் எழுதப்படுவது அல்ல" என்று கடைசியில் மறக்காமல் போட்டேன்.

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. பதினெட்டு நாள் என் தலையணைக்கடியில் இருந்தது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிடலாம் என்று தினமும் பேனாவை எடுத்தேன். போட்டால் அவர் இங்கே இருப்பார், ஒரு மாதம் போனதும் நீ வந்து, "சும்மா ஒரு தடவை வந்து கல்லை மட்டும் கொத்திக் கொடுக்கட்டும்" என்பாய். அவரும் போவார், அவர் மனசு அப்படி. உன் மெஷின் ஓடும். அதை நினைத்ததும் பேனாவை மூடிவிடுவேன். அவரைப் பற்றி நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அழுதேன், அது உண்மை. அழுதுகொண்டேதான் மூடினேன்.

பன்னிரண்டாம் தேதி அவருக்கு மூட்டை கட்டிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு டின் மல்லிப்பொடி. பொடியை வாசம் பார்த்துவிட்டு, "அரிசி ஓட்டுனீங்களாம்மா?" என்று கேட்டார். ஓட்டினேன் என்றேன். ஓட்டித்தான் அரைத்திருந்தேன், மூன்று படி.

உனக்கு வேறு ஒரு செய்தி. வணிகர் சங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். கஷ்ட காலத்தில் மாறிப் பிழைத்த வியாபாரி என்று என்னை அடுத்த மாதம் பேசக் கூப்பிடுகிறார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. உன் ஏழு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையே படித்துவிடுகிறேன். நீ வந்து முன்வரிசையில் உட்கார், கைதட்ட வேண்டிய இடம் உனக்குத் தெரியும்.

சைவ மெஷினை விற்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆமினா பீவிக்கு இன்னொரு மெஷின் வேண்டியிருக்கிறது, சரக்கு சேர்ந்துவிட்டது. கல்லை எடுத்துவிட்டு இரும்புத் தட்டு போட்டுக்கொள்வோம். நல்ல விலை, கையில் பணம், மறுநாளே லாரி. அனுப்பும் முன்னால் அரிசி போட்டு ஓட்ட வேண்டாம். இறால் அரைக்கத்தானே, அது தேவைப்படாது.

சரஸ்வதி